நீலக் கட்சியும் சிவப்புக் கட்சியும்

பத்து வயதுப் பையனுக்குப் பரம விரோதி யாராக இருக்க முடியும்? கணக்கு வாத்தியாரைச் சொல்லலாம். தெருக்கோடி நாயைச் சொல்லலாம். ஆனால் 1991, 92-ம் வருஷங்களில் அமெரிக்காவில் ஒரு பையனைக் கூப்பிட்டு விசாரித்திருந்தால், அவன் அடுத்த வீட்டுப் பையனைத்தான் கையைக் காட்டியிருப்பான். அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. அவன் வீட்டில் நின்டெண்டோ இருந்தது. இவன் வீட்டில் செகா இருந்தது. அவ்வளவுதான் வழக்கு!

இரண்டும் டெலிவிஷனோடு மாட்டிக்கொண்டு விளையாடுகிற வீடியோ விளையாட்டு யந்திரங்கள். இரண்டையும் செய்தவை ஜப்பானியக் கம்பெனிகள். நின்டெண்டோவின் கதாநாயகன் சிவப்புத் தொப்பியும் தடித்த மீசையுமாகத் தாவிக் குதிக்கும் மாரியோ என்ற குழாய் ரிப்பேர்க்காரன். செகாவின் கதாநாயகன் ஸோனிக் என்ற நீல நிற முள்ளெலி, காற்றாய்ப் பறப்பான். சிவப்புக் கட்சி, நீலக் கட்சி என்று பள்ளிக்கூட மைதானங்கள் இரண்டாகப் பிரிந்து நின்றன. நடுநிலைமை வகித்த பிள்ளைகள் மிகவும் குறைவு. அப்படி வகித்தவர்கள் பெரும்பாலும் எந்த யந்திரமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகள்.

இவ்வளவு வைராக்கியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், முதல் பதில் அம்மாவின் கைப்பையில் இருக்கிறது. 1991-ல் செகாவின் ஜெனஸிஸ் யந்திரம் 149 டாலர். சூப்பர் நின்டெண்டோ 199 டாலர். அது போக ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக ஐம்பது டாலரை ஒட்டி அழவேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் 'கேசட்' என்று சொல்லி வந்தார்களே, அந்தச் சில்லுதான். ஒரு கம்பெனியின் கேசட் மற்றதன் வாயில் நுழையாது. இரண்டு யந்திரத்தையும் வாங்கிக் கொடுக்கிற தகப்பனார் கதைகளில்தான் அகப்படுவார். ஆகவே வீட்டுக்கு ஒன்று. எந்த நண்பனிடம் கேசட் இரவல் வாங்கலாம், யார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்பதெல்லாம் அந்த ஒன்றோடு தீர்மானமாகிவிடும்.

இரண்டாவது பதில் மனசைப் பற்றியது. 1956-ல் ஜாக் பிரெம் என்ற மனோதத்துவ நிபுணர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். மின்னஸோட்டா சர்வகலாசாலையில் படித்த பெண்களை வரவழைத்து, காப்பி போடும் கருவி, ரொட்டி வாட்டும் கருவி, ரேடியோ, மேஜை விளக்கு என்று எட்டுச் சாமான்களைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் மார்க் போடச் சொன்னார். பிறகு அவற்றில் இரண்டைக் குறிப்பிட்டு, "ஏதாவது ஒன்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்" என்றார். எடுத்துக்கொண்ட பிறகு மறுபடியும் மார்க். என்ன ஆயிற்று தெரியுமா? கைக்கு வந்த சாமானுக்கு மார்க் ஏறிற்று. விட்டுவிட்ட சாமானுக்கு இறங்கிற்று. அதிலும், இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தபோதுதான் இந்த ஏற்ற இறக்கம் அதிகம்! புடவைக் கடையில் அரை மணி நேரம் இரண்டு புடவைகளுக்கு நடுவே தத்தளித்துவிட்டு, வீட்டு வாசற்படி ஏறுவதற்குள் "அந்தப் பச்சை சகிக்கவில்லை" என்று சொன்ன சகோதரிகள் யாராவது இருந்தால், பிரெம் சாட்சிக்கு அவர்களையே அழைத்திருப்பார்.

ஜெனஸிஸும் சூப்பர் நின்டெண்டோவும் அந்த இரண்டு புடவைகளைப் போலத்தான். ஒன்று சற்று வேகம். மற்றொன்றில் நிறமும் சங்கீதமும் சற்று உயர்த்தி. வித்தியாசம் மிகச் சிறியதாக இருந்ததாலேயே சண்டை மிகப் பெரியதாயிற்று. அதோடு பையனுடைய சங்கடம் பிரெம்மின் பெண்களுக்கு இல்லாதது. அவன் தேர்ந்தெடுக்கவே இல்லை. அம்மா கடையில் எதை வாங்கி வந்தாளோ அதற்காக அவன் வாதாட வேண்டும். "எங்கள் வீட்டில் மட்டமானதை வாங்கிவிட்டார்கள்" என்று எந்தப் பிள்ளை நாலு பேர் நடுவில் ஒப்புக்கொள்ளும்? அவன் காத்தது யந்திரத்தின் மானத்தையா, குடும்பத்தின் மானத்தையா என்று எனக்கு இன்றும் சந்தேகந்தான்.

★

கம்பெனிகள் இந்தச் சந்தேகத்தை வைத்து நன்றாகவே பிழைத்தன.

நின்டெண்டோ 1889-ல் கியோட்டோ நகரில் பிறந்தது. ஆதியில் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டுகள் செய்துகொண்டிருந்தது. 1983-ல் அமெரிக்க வீடியோ விளையாட்டு வியாபாரம் படுத்துவிட்டது. அட்டாரி கம்பெனி விற்காத சரக்கை லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் புதைத்தது. கடைக்காரர்கள் வீடியோ விளையாட்டு என்றாலே கதவைச் சாத்திய சமயத்தில், 1985-ல், நின்டெண்டோ ஒரு சிறிய பொம்மை ரோபாட்டையும் கூட வைத்து, 'இது விளையாட்டுச் சாமான்' என்று சொல்லி உள்ளே நுழைந்தது. சில வருஷங்களுக்குள் சந்தை முழுவதும் அதன் கையில். விளையாட்டுகளை எழுதித் தரும் கம்பெனிகளுக்கு அது விதித்த நிபந்தனைகள் மாமியார் நிபந்தனைகள்: வருஷத்துக்கு இத்தனைதான் வெளியிடலாம், இரண்டு வருஷம் வேறு எவருக்கும் அதைக் கொடுக்கக்கூடாது என்று. 1988-ல் சொந்தப் பத்திரிகையே தொடங்கியது. தன் சரக்கைப் பற்றித் தானே எழுதி, அதற்குக் குழந்தைகளிடம் சந்தாவும் வாங்கிய சாமர்த்தியத்தை நினைத்தால், பத்திரிகையில் வேலை செய்கிற எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

1991-ல் சூப்பர் நின்டெண்டோ வந்தபோது, பழைய நின்டெண்டோ கேசட் ஒன்றும் அதில் ஓடாது என்று தெரிந்தது. அலமாரி நிறைய வாங்கி அடுக்கியிருந்த தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்தக் கோபத்தின் நடுவேதான் செகா தன் கடையை விரித்தது. செகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக 1990-ல் வந்தவர் டாம் கலின்ஸ்கி. அதற்கு முன் மாட்டல் கம்பெனியில் பார்பி பொம்மையை விற்றவர். விலையைக் குறைப்போம், ஸோனிக்கைப் பெட்டியோடு இனாமாகக் கொடுப்போம், நின்டெண்டோவைப் பெயர் சொல்லியே கேலி செய்வோம் என்றார் அவர். டோக்கியோவில் இயக்குநர்கள் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லையாம். தலைவர் நகயாமா மட்டும், "உம்மை வேலைக்கு வைத்ததே முடிவெடுக்கத்தான், செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். கலின்ஸ்கியே பிற்பாடு சொன்ன கதை இது.

கேலியில் செகாவுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. 'நின்டெண்டோ' என்ற பெயரின் வாலை முறுக்கி, 'நின்டென்டோண்ட்' என்று, அதாவது 'நின்டெண்டோவால் ஆகாது' என்று அர்த்தம் தொனிக்க விளம்பரம் செய்திருந்தது. அப்புறம் வந்த விளம்பரங்களில் கடைசியில் யாராவது ஒருவர் "செகா!" என்று வீறிட்டுக் கத்துவார். நின்டெண்டோ தம்பிப் பாப்பாவுக்கு, செகா மீசை அரும்புகிற பிள்ளைக்கு என்பது தாத்பரியம். பதின்மூன்று வயதுப் பையனிடம் 'நீ இன்னும் குழந்தைதானா?' என்று கேட்டால் போதுமே, கடை வாசலில் வந்து நிற்பான். சில வருஷங்களில் அமெரிக்கச் சந்தையில் ஏறக்குறையச் சரிபாதி செகாவுக்கு வந்துவிட்டது.

சண்டை ரத்தம் வரைக்கும் போயிற்று. அலங்காரமாகச் சொல்லவில்லை. 1993 செப்டம்பர் 13-ந் தேதி 'மார்ட்டல் காம்பட்' என்ற அடிதடி விளையாட்டு இரண்டு யந்திரங்களுக்கும் வெளியாயிற்று. நின்டெண்டோ தன் பிரதியில் ரத்தத்தை எடுத்துவிட்டு வியர்வைத் துளியாக்கிவிட்டது. செகாவின் பிரதியில் ரகசியமாகச் சில பொத்தான்களை வரிசையாக அமுக்கினால் ரத்தம் கொட்டும். விற்பனையில் ஜெயித்தது எது என்று நான் சொல்லவேண்டுமா? அந்த டிசம்பரில் அமெரிக்க ஸெனட் சபை விசாரணை வைத்தபோது, இரண்டு கம்பெனிப் பிரதிநிதிகளும் ஸெனட்டர்களை விட்டுவிட்டு ஒருவரையொருவர் சாடிக்கொண்டார்கள். மைதானத்துப் பையன்களின் சண்டை, கோட்டும் கழுத்துப் பட்டையும் அணிந்து சபையேறியது. இதில் நல்லதும் ஒன்று விளைந்தது: எந்த வயதுக்கு எந்த விளையாட்டு என்று பெட்டியின் மேல் அச்சிடும் ஏற்பாடு 1994-ல் வந்தது. அதே வருஷம் நின்டெண்டோவும் அந்த விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் ரத்தத்தை அனுமதித்துவிட்டது.

★

இனி, கணக்குப் பார்க்கத் தெரிந்த சகோதரிகளுக்கு ஒரு சின்னக் கூட்டல்.

1991-ல் ஸோனிக்கோடு சேர்த்து ஜெனஸிஸ், 149 டாலர். 1992-ல் அதன் அடியில் பொருத்துகிற செகா ஸி.டி. கருவி, 299 டாலர். 1994 நவம்பரில் அதன் தலையில் செருகுகிற '32 எக்ஸ்' என்ற கருவி, 159 டாலர். அது வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1995 மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில், "ஸாட்டர்ன் என்ற புது யந்திரம் செப்டம்பரில் அல்ல, இன்றே கடைகளில் இருக்கிறது" என்று செகா அறிவித்தது. விலை 399. விசுவாசம் தவறாமல் எல்லாவற்றையும் வாங்கிய வீட்டுக்கு, நாலே வருஷத்துக்குள் யந்திரச் செலவு மட்டும் 1006 டாலர்! '32 எக்ஸ்' கருவிக்கு விளையாட்டு எழுதுவதையே சீக்கிரத்தில் நிறுத்திவிட்டார்கள். சரக்குக் கிடைக்காத கடைக்காரர்கள் வேறு முறைத்துக்கொண்டார்கள். அதே கண்காட்சியில் ஸோனி கம்பெனியின் ஸ்டீவ் ரேஸ் மேடை ஏறி, "299" என்ற ஒரே ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு இறங்கினார். அது பிளேஸ்டேஷனின் விலை.

கட்சி மாறினவர்கள் ஏராளம். மாறாதவர்கள் கோபத்தை ஸோனியின் மேல் திருப்பிக்கொண்டார்கள். ஆயிரத்து ஆறு டாலரை வாங்கிக்கொண்ட செகாவின் மேல் அவர்களுக்குக் கோபம் அவ்வளவாக வரவில்லை! கோபித்துக்கொண்டால், அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அத்தனையும் தவறு என்றல்லவா ஆகிவிடும்?

1999 செப்டம்பர் 9-ந் தேதி அமெரிக்காவில் செகாவின் கடைசி யந்திரமான டிரீம்காஸ்ட் வந்தது. நல்ல யந்திரம். டெலிபோன் கம்பி வழியாகத் தூரதேசத்து நண்பனோடு விளையாட உள்ளுக்குள்ளேயே வசதி வைத்திருந்தார்கள். ஆனால் முன்னே பட்ட கடன் கழுத்தை நெரித்தது. 2001 ஜனவரி 31-ல், இனி யந்திரம் செய்யப்போவதில்லை என்று செகா அறிவித்துவிட்டது. உலகம் முழுவதும் விற்றது சுமார் 91 லட்சம்.

அப்போது கம்பெனியை நடத்தியவர் இஸாவோ ஒகாவா என்ற முதியவர். தமக்குச் செகா தரவேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, கோடிக்கணக்கான டாலர் பெறுமான சொந்தப் பங்குகளையும் அதற்கே எழுதிக் கொடுத்தார். மார்ச் 16-ல் காலமானார். கம்பெனிகளுக்கு நன்றி கிடையாது என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தபோது, இந்தக் கிழவர் குறுக்கே வந்து நின்றார். நீலக் கட்சியின் பெரிய அபிமானி இவராகத்தான் இருக்கவேண்டும்.

அந்த வருஷம் முடிவதற்குள், டிசம்பர் 20-ந் தேதி, ஜப்பானில் ஒரு ஸோனிக் விளையாட்டு விற்பனைக்கு வந்தது. எந்த யந்திரத்துக்கு? நின்டெண்டோவின் கேம்க்யூப் யந்திரத்துக்கு! 2007-ல் மாரியோவும் ஸோனிக்கும் ஒரே விளையாட்டில் ஒலிம்பிக் பந்தயம் ஓடினார்கள். பத்து வயதில் அடுத்த வீட்டுப் பையனோடு பேச்சை நிறுத்திக்கொண்டவனுக்கு அப்போது இருபத்தாறு வயது ஆகியிருக்கும். சம்பந்திகளைப் போலக் கை கோத்து நின்ற அந்த இருவரையும் கடையில் பார்த்து அவன் என்ன நினைத்தானோ!

அவனுக்குப் பிறகு வந்தவர்களும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். மைக்ரோஸாப்டின் எக்ஸ்பாக்ஸ் கட்சிக்காரர்கள் இருபது வருஷத்துக்கும் மேலாகக் கொடியில் எழுதி வைத்திருந்த பெயர் 'ஹேலோ'. அது பிளேஸ்டேஷனுக்கும் வரப்போகிறது என்று 2025 அக்டோபரில் மைக்ரோஸாப்டே அறிவித்தபோது, சிலர் கொதித்தார்கள்.

டிரீம்காஸ்ட்காரர்கள் மட்டும் இன்னும் கடையைக் கட்டவில்லை. செகா கைவிட்ட யந்திரத்துக்கு வெளியார் யாராவது புது விளையாட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். செகா மூடிய இணைய விளையாட்டை ரசிகர்கள் தங்கள் செலவில் நடத்தி வருகிறார்கள். அந்த யந்திரத்தினுள் கடிகாரத்துக்கென்று ஒரு சிறு பாட்டரி உண்டு, நாளானால் செத்துவிடும். பிறகு யந்திரத்தைப் போடும்போதெல்லாம், இன்று என்ன தேதி என்று அது கேட்கும். தானாக அது காட்டுகிற தேதி 1998 நவம்பர் 27. ஜப்பானில் அது விற்பனைக்கு வந்த நாள். கைவேலை தெரிந்தவர்கள் பழைய பாட்டரியைப் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் பற்றவைத்துக்கொள்கிறார்கள். தெரியாதவர்கள், ஒவ்வொரு தடவையும் பொத்தானை அமுக்கி அமுக்கி, வருஷத்தை ஒவ்வொன்றாக ஏற்றி, இன்றைய தேதிக்குக் கொண்டு வந்துவிட்டு, விளையாட உட்காருகிறார்கள்.