சாரலில் நனைந்த ஓலையும் எரியுமா?

தென்காசி, குற்றாலம் கீற்றுக் கொட்டகைகள்: சந்தேகங்களும் விளக்கங்களும்

ஜூன் பிறந்து மலையில் மேகம் இறங்கினால் போதும், பேரருவிக்குப் போகும் வழியிலும் ஐந்தருவி, பழைய குற்றாலம் பக்கமும் சீசன் கடைகள் முளைத்துவிடும். சவுக்குக் கம்பு, தென்னங்கீற்று, மேலே இழுத்துக் கட்டிய தார்ப்பாய். ஒரு கடையின் கம்பிலேயே அடுத்த கடையின் கூரையும் தொற்றிக்கொண்டு நிற்கும். 2023 ஆகஸ்ட் கடைசியில் குற்றாலநாதர் கோயிலை ஒட்டியிருந்த தற்காலிகக் கடைகளில் தீப்பிடித்து, சிலிண்டர்கள் வெடித்து, கடைகள் வரிசையாகச் சாம்பலாயின. அதன் பிறகு கடைக்காரர்களிடமும் சுற்றுலாப் பயணிகளிடமும் அடிக்கடி எழும் சந்தேகங்கள் இவை.

சாரல் அடிக்கிற ஊரில் ஈர ஓலை எப்படித் தீப்பிடிக்கும்?

நனைவது மேற்புறம் மட்டுமே. தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோட வேண்டும் என்றுதானே கீற்றை அடுக்கி வேய்கிறோம்? அடிப்புறம் அடுப்புச் சூட்டில் காலை முதல் இரவு வரை காய்ந்துகொண்டே இருக்கிறது. நேந்திரங்காய் சிப்ஸ் போடும் கடையில் நின்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். எண்ணெய்ச் சட்டிக்கு நேர் மேலே ஓலை கறுத்து மினுமினுக்கும். எண்ணெய்ப் புகை ஏறிய நூலாம்படை விரல் நீளத்துக்குத் தொங்கி, அடுப்பு வெக்கையில் ஆடிக்கொண்டிருக்கும். சட்டியில் எண்ணெய் பொங்கித் தழல் ஒரு முழம் எழுந்தால் முதலில் பற்றுவது அதுதான். ஓலை அதற்கு அடுத்தது. ஒட்டடைக் கம்பால் வாரம் ஒருமுறை அதைத் தட்டிவிட ஐந்து நிமிடம் ஆகுமா? காசும் செலவில்லை. ஆனாலும் பல கடைகளில் நடப்பதில்லை.

கூரைக்கு மேல் தார்ப்பாயும் போட்டுவிட்டால் மேற்புறம்கூட நனையாது. சீசன் மாதம் என்றாலே மழை என்று நம்பியிருக்கவும் முடியாது. அந்த 2023 ஆகஸ்ட், நாடு முழுவதுக்குமான கணக்கில், 1901-இலிருந்து பதிவான ஆகஸ்ட் மாதங்களிலேயே மழை மிகக் குறைந்தது.

ஒரு கடையில் பிடித்தால் வரிசையே போவது ஏன்?

கீற்று மெல்லியது, இரண்டு பக்கமும் காற்றுப் படுகிறது. கட்டை எரியச் சூடேற நேரம் வேண்டும், ஓலைக்கு வேண்டாம். எரியும்போது எழும் சூடான புகை கூரையின் முகட்டுக்கு ஏறி, அதன் அடியிலேயே நெடுக ஓடும். முகடு பக்கத்துக் கடையோடு சேர்ந்திருந்தால் தீயை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை, நெருப்புக் கண்ணுக்குத் தெரியும் முன்பே புகை முடித்துவிடும். போதாக்குறைக்கு எரியும் ஓலைத் துண்டுகள் காற்றில் பறந்து அடுத்த கூரையில் விழும். தென்காசிக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஓலையைத் திட்டுவதற்கு முன்னால் இரண்டைப் பார்க்க வேண்டும்: அதன் அடியில் என்ன எரிகிறது, பக்கத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் ‘ஹாலே’ என்ற புல் வேய்ந்த குடில்கள் அந்த மக்களின் பாரம்பரியம். அங்குள்ள மாவி மாவட்ட நிர்வாகம் அவற்றைத் தடை செய்யவில்லை. தனி விதி போட்டது. உள்ளே சமைக்கக் கூடாது, திறந்த நெருப்பு கூடாது, மற்றக் கட்டடங்களிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். லண்டன் மாநகரம் 1212-லேயே புதிதாக ஓலைக் கூரை போடத் தடை விதித்த ஊர். ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கின் கூரை 1613-இல் நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கிப் பொறியில் எரிந்தது. 1997-இல் அதே பாணியில் மறுபடி கட்டியபோது ஓலைக் கூரைக்கு அனுமதி கிடைத்தது, நீர்த்தெளிப்பான்கள் பொருத்திய பிறகு. குற்றாலத்தில் தெளிப்பான் கேட்பது அதிகப்படி. இரண்டு கடைக்கு ஒரு சந்து கேட்பது அதிகப்படி இல்லை. ஏலம் எடுத்தவர்களுக்கு ஒவ்வோர் அடியும் பணம்தான். சந்து விடச் சொல்ல வேண்டியவர்கள் இடத்தை ஏலம் விடுகிறவர்கள்.

மருந்து அடித்தால் ஓலை எரியாதாமே?

எரியாது என்பது மிகை. வெண்காரம், போரிக் அமிலம், வயலுக்குப் போடும் டி.ஏ.பி.யிலுள்ள டை அம்மோனியம் பாஸ்பேட் போன்ற உப்புகள் ஏறிய ஓலை, தழல் விட்டு எரியாமல் கரியாகும். தப்பிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ஆனால் இவை தண்ணீரில் கரைகிறவை. குற்றாலத்துச் சாரலில் எத்தனை நாள் தங்கும்? வீட்டு நடுவே, கல்யாண மண்டபத்துக்குள்ளே போடும் பந்தலுக்கு உதவும். திறந்தவெளிக் கடைக்கு நம்ப முடியாது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வேறு வழி காட்டியது: ஓலைக் கூரைக்கு, தார் கலந்து மழையில் கரையாமல் செய்த மண் பூச்சு. கூரை கனக்கும், கம்பும் பலமாக வேண்டும். மூன்று மாதக் கடைக்கு யாரும் செய்ய மாட்டார்கள். ஆண்டு முழுக்க நிற்கும் விடுதிக் குடிலுக்கு யோசிக்கலாம்.

விடுதிகளில் பிளாஸ்டிக் ஓலை போடுகிறார்களே?

வாங்கும்போது தீத்தடுப்புச் சான்று கேளுங்கள். சான்றில்லாத ரகம் எரிந்தால் உருகிச் சொட்டும், புகையும் நஞ்சு. அதற்கு நிஜ ஓலையே மேல்.

கும்பகோணத்துக்குப் பிறகு ஓலையே தடைதானே?

பள்ளிக்கூடங்களில் அகற்றச் சொன்னார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளி ஒன்றின் சமையல் கூடத்துக் கூரையில் பிடித்த தீ வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்படப் பலர் மாண்டார்கள். 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தல் தீயில் 48 பேர் இறந்தார்கள். மூன்றிலும் ஓலை எரிந்தது. கூட்டம் வெளியேற வழியில்லாமல் முட்டிக்கொண்டதைச் சேர்த்துப் பார்த்தால்தான் சாவு எண்ணிக்கை விளங்கும்.

திருவிழா, கல்யாணப் பந்தல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 8758 என்ற வழிகாட்டி இருக்கிறது. பந்தல் உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, மின்கம்பிக்குக் கீழே போடக் கூடாது, செயற்கை இழைத் துணியும் கயிறும் ஆகாது, போதுமான வாசல்கள் வேண்டும் என்கிறது. பந்தல்காரரிடம் வாழை மரம் எங்கே கட்டுவது என்று கேட்கிற நாம், வாசல் எத்தனை என்று கேட்பதில்லை.

சிலிண்டரை எங்கே வைப்பது?

கடைக்கு வெளியே, நிமிர்த்தி, நிழலில். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். கல்லாப்பெட்டிக்கு அடியில் மறைத்து வைக்கிற பழக்கம் அதற்கு வசதி செய்து கொடுக்கிறது. மாற்றுச் சிலிண்டர்களை அடுக்கி வைக்கவும் வேண்டாம். தீச்சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறினால் உருளையே பிளந்துவிடும்.

பற்றிக்கொண்டால் முதலில் என்ன?

ஆட்களை வெளியேற்றுங்கள், எரியும் ஓலை தலைமேல் விழும். 101 அல்லது 112-க்கு அழையுங்கள். மின்சாரத்தை நிறுத்துங்கள். சட்டி எண்ணெயில் தீ என்றால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து இரும்பு மூடியால் மூட வேண்டும். கூரையில் ஏறிவிட்டால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். இரண்டு கடை தள்ளி இன்னும் பிடிக்காத கீற்றைத் தொரட்டியால் இழுத்துப் போட்டால் தீக்கு அடுத்த படி இல்லாமல் போகும். அதற்கு நீளமான தொரட்டி ஒன்று வரிசைக்கு வரிசை இருக்க வேண்டும். மணல் வாளியும் இருக்கட்டும், அதில் வெற்றிலை எச்சில் துப்பாமல்.

குடிசையே வீடாக இருப்பவர்களுக்கு?

கூரை ஓலையைத் தொட்டுப் போகும் ஒயரும், ஒட்டுப்போட்ட இணைப்பும்தான் முதல் ஆபத்து. ஒயரைக் குழாய்க்குள் விட்டுக் கூரையிலிருந்து விலக்குங்கள். 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்கோடு 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. ஊராட்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

கடைக்குக் காப்பீடு கிடைக்குமா?

கிடைக்கும், பிரீமியம் கூடும். ஓலை, புல், மூங்கில், தார்ப்பாய்க் கூரைகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘கச்சா’ கட்டுமானம் என்று தனியாகப் பிரித்திருக்கின்றன. பிரீமியம் குறையட்டும் என்று தகரக் கூரை என எழுதிக் கொடுத்திருந்தால், எரிந்த பிறகு வந்து பார்க்கும் சர்வேயர் சாம்பலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.