பக்கவாத்தியம்: நடிகர் டெல்லி கணேஷின் துணைப்பாத்திரங்கள்

மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள் அவளை உடனே அரங்கில் ஏற்றிவிடவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடல் புனையும் புலவன், தண்ணுமை முழக்குவோன், குழலூதுவோன், யாழ் மீட்டுவோன் என்னும் ஒவ்வொருவருடைய புலமையையும் முறைப்பட எடுத்துரைத்த பின்னரே மாதவியை அரங்கேறச் செய்கின்றார். ஆடுபவள் ஒருத்தி, அவளது ஆட்டம் நிறைவு பெறத் துணைநிற்போர் பலர். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு அரங்கேற்று காதை ஒன்றே போதிய சான்றாகும்.

இக்காலத்தில் திரைப்படம் காண்போரிடத்து இவ்வுணர்வு குறைவு. படம் பார்த்து வந்த மாணவன் ஒருவனை வினாவினால், கதாநாயகனின் பெயரையும் அவன் உடுத்த உடையையும் ஒன்று விடாமற் கூறுவான். அந்நாயகனுக்குத் தந்தையாகவோ கணக்கராகவோ வந்தவர் யாரெனக் கேட்டால், "எல்லாப் படத்திலும் வருவாரே, அவர்தான்" என்பான். எல்லாப் படத்திலும் வருகின்ற ஒருவர் ஒவ்வொரு படத்திலும் வேறொருவராகத் தோன்றுதல் எத்துணை அரிய செயல் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்கு எடுத்துக்காட்டாக, 400க்கு மேற்பட்ட படங்களில் நடித்து, 2024ஆம் ஆண்டு நவம்பரில் 80 வயதிற் காலமான டெல்லி கணேஷ் அவர்களைக் கொள்வோம்.

1944ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிற் பிறந்த கணேசன், 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையிற் பணியாற்றியவர். டெல்லியில் இருந்த காலத்தில் தட்சிண பாரத நாடக சபையின் நாடகங்களில் நடித்தார். பின்னர்ச் சென்னைக்கு வந்து மேடையேறினார். விசு எழுதிய "பட்டினப் பிரவேசம்" என்னும் நாடகத்தை இயக்குநர் கே. பாலசந்தர் 1977இற் படமாக்கியபோது, அதிற் கணேசனுக்கும் இடமளித்தார். டெல்லி கணேஷ் என்னும் திரைப்பெயரைச் சூட்டியவரும் அவரே. ஆகவே, திரைக்கு வரும்போது இவர் முப்பது வயதைக் கடந்தவர். படையின் ஒழுங்கையும் மேடையின் பயிற்சியையும் கைவரப் பெற்றவர். கதாநாயகனுக்குரிய இளமைத் தோற்றத்தை முதலாகக் கொண்டு வந்தவர் அல்லர்.

துணைப்பாத்திரம் என்பது யாது? கதையின் பாரத்தைத் தான் சுமவாது, சுமப்பவனுக்குத் தோள்கொடுப்பது அது. நாயகனுக்குத் தன் இயல்பை வெளிப்படுத்தப் படம் முழுவதும் காலமுண்டு. துணைநடிகனுக்கோ நான்கைந்து காட்சிகளே உண்டு. அவற்றுள்ளும் அவன் பேசுவது சில வார்த்தைகளே. அச்சில வார்த்தைகளில் ஊர், தொழில், வயது, குணம் ஆகிய அனைத்தும் காண்போர்க்கு விளங்கவேண்டும். எனவே, அவனுக்கு முதற்கருவி மொழியே ஆகும். தமிழ் கற்போர் இவரைக் கவனித்தற்கு இதுவே முதற் காரணம்.

துரை இயக்கிய "பசி" 1979இல் வெளிவந்தது. அதிற் சோபா நடித்த குப்பம்மா என்னும் ஏழைப் பெண்ணுக்குத் தந்தையாக, சென்னைச் சேரியில் வாழும் ரிக்சாத் தொழிலாளியாக டெல்லி கணேஷ் வருகின்றார். சென்னையின் உழைப்பாளர் பேச்சு அவருடைய பிறந்தவூர்ப் பேச்சு அன்று. சொற்களைக் குறுக்கி, ஓசையை இழுத்து, ஒரே மூச்சிற் கொட்டித் தீர்க்கும் அப்பேச்சை அவர் கேட்டுப் பயின்றே பேசியிருத்தல் வேண்டும். அப்படத்துக்காகத் தமிழ்நாட்டு அரசின் சிறப்புப் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது.

அதற்குப் பதினோராண்டுகளின் பின், 1990இல், சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய "மைக்கேல் மதன காமராஜன்" வந்தது. கமல்ஹாசன் நான்கு வேடம் பூண்ட இப்படத்தில், அவர்களுள் ஒருவனான காமேசுவரனை வளர்த்த பாலக்காட்டு மணி ஐயராக டெல்லி கணேஷ் நடித்தார். மணி ஐயர் சமையற் தொழிலாளர். தமிழும் மலையாளமும் கலந்து, வாக்கியத்தின் இறுதியிற் சற்றே மேலெழும் பாலக்காட்டு ஓசை அவர் வாயில் இயல்பாக அமைந்தது. கலியாண விருந்தின் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட காட்சியை நினைவிலுள்ளோர் பலர் இருப்பர். அங்கே நகைச்சுவை பிறப்பது மீனாலன்று. தொழிலின் தூய்மையையே உயிராகக் கருதும் ஒருவர் படும் கலக்கத்தால். அவர் சிரிக்கவில்லை, சிரிப்பூட்டவும் முயலவில்லை. ஆதலாற்றான் நாம் சிரிக்கின்றோம்.

ரிக்சாத் தொழிலாளியின் பேச்சையும் பாலக்காட்டு ஐயரின் பேச்சையும் அடுத்தடுத்துக் கேட்போர் ஒன்றை உணர்வர். வட்டார வழக்கைக் கேலிக்குரிய பொருளாக அவர் கொண்டிலர். அவ்வழக்கைப் பேசுவோனுடைய வாழ்க்கையின் ஒரு கூறாகவே அதனைக் கொண்டார். யாழ்ப்பாணத் தமிழைப் பிறர் மேடையில் வேடிக்கைப் பொருளாக்குதலைக் கேட்டு மனம் வருந்தியோர் நம்மிடையே உளர். அவர்களுக்கு இவ்வேறுபாட்டின் அருமை எளிதிற் புலனாகும்.

இரண்டாவதாக, துணைநடிகன் பிறர் நடிப்புக்குச் சுருதியாக அமையவேண்டும். பாலசந்தரின் "சிந்து பைரவி" 1985இல் வெளிவந்தது. சிவகுமார் ஏற்ற பாடகர் ஜே.கே.பி.க்கு மிருதங்கம் வாசிக்கும் குருமூர்த்தியாக டெல்லி கணேஷ் நடித்தார். பக்கவாத்தியக்காரர் வேடமே துணைநடிகருக்கு வாய்த்தமை பொருத்தமன்றோ! குருமூர்த்தி மது அருந்திவிட்டுக் கச்சேரிக்கு வருகின்றார். சினங்கொண்ட பாடகர் அவரை விலக்கிவிட்டு, மிருதங்கமின்றியே பாடுகின்றார். தொடக்கத்தில் இது பாடகருடைய ஒழுக்கத்தின் உயர்வைக் காட்டுவதாகவே தோன்றும். ஆயின், கதை வளர வளர அதே பாடகர் தாமே மதுவில் வீழ்ந்து கிடக்கின்றார். அப்பொழுது, தலைகுனிந்து வெளியேறிய மிருதங்கக்காரரின் முகம் நம் நினைவுக்கு வருகின்றது. முதலிற் குருமூர்த்தியின் அவமானத்தை நாம் நம்பியிராவிடின், பின்னர்ப் பாடகருடைய வீழ்ச்சியின் ஆழத்தை அளத்தற்கு நமக்கு அளவுகோல் இராது. சிறுபாத்திரத்தின் பெரும்பயன் இதுவே.

மணிரத்தினத்தின் "நாயகன்" (1987) படத்தில் அவர் ஏற்ற ஐயர் வேடமும் இவ்வகையினது. பம்பாயில் வாழும் வேலு நாயக்கருக்கு அருகிலிருந்து, இந்தியையும் தமிழையும் மாற்றிச் சொல்லும் உடனாள் அவர். நாயக்கர் அஞ்சாதவர். அஞ்சாமையை நடித்துக் காட்டுதற்கு அருகில் அஞ்சுபவன் ஒருவன் வேண்டும். ஐயரின் கண்ணிலுள்ள தயக்கமே நாயக்கரின் உறுதிக்கு அளவு கூறுகின்றது. அஞ்சியும் அகலாது நிற்றலால் ஐயருடைய அன்பும் நமக்கு விளங்குகின்றது.

நல்லவராகவே நடித்தவர் என இவரைக் கருதுதலும் தவறு. "அபூர்வ சகோதரர்கள்" (1989) படத்திற் கொலைகாரர் நால்வருள் ஒருவனான பிரான்சிஸ் அன்பரசு இவரே. "அவ்வை சண்முகி" (1996) படத்தில் முதலாளியை ஏய்க்கும் சேதுராம ஐயரும் இவரே. 1981இல் "எங்கம்மா மகாராணி" என்னும் படத்திற் கதாநாயகராகவும் நடித்துப் பார்த்தார். அவ்வழி நீளவில்லை. அதனால் மனந்தளராது, பக்கவாத்தியமே தமக்குரிய இருக்கை எனத் தெளிந்து, அதனிற் பின்னும் நாற்பதாண்டுகளுக்கு மேல் அமர்ந்திருந்தார்.

இனி, இவருடைய கலையின் நுட்பத்தை ஒரே உணர்ச்சியின் இரு வடிவங்களால் விளக்க முயல்வேன். அவ்வுணர்ச்சி பொறாமை, வள்ளுவர் அழுக்காறு எனக் கூறி ஓர் அதிகாரம் முழுவதும் கடிந்த குற்றம்.

முதலாவது, கே. எஸ். ரவிக்குமாரின் "தெனாலி" (2000). ஈழத்தமிழ் பேசும் தெனாலியாகக் கமல்ஹாசன் நடித்தமையால் நம்மவர்க்கு நன்கறிமுகமான படம் இது. அதில் டெல்லி கணேஷ் பஞ்சபூதம் என்னும் மனநல வைத்தியர். கைலாஷ் என்னும் வைத்தியரின் புகழைப் பொறாது, அவருடைய அமைதியைக் கெடுக்கும்பொருட்டே எதற்கும் அஞ்சும் தெனாலியை அவரிடத்து அனுப்புகின்றார். மனநோயை நீக்கவேண்டியவரே பொறாமை நோயில் வாடுகின்றார். நகைச்சுவைக்குரிய நிலைக்களங்களுள் பேதைமையையும் ஒன்றாகத் தொல்காப்பியர் கூறுவார். பஞ்சபூதத்தின் பொறாமை அத்தகைய பேதைமையாக நின்று நம்மைச் சிரிக்க வைக்கின்றது.

இரண்டாவது, சின்னத்திரைக்குரியது. தொலைக்காட்சித் தொடர்களிலும் நெடுங்காலம் நடித்த டெல்லி கணேஷ், 2021ஆம் ஆண்டு நெற்பிளிக்ஸ் வெளியிட்ட "நவரச" என்னும் தொகுப்பில், வசந்த் இயக்கிய "பாயசம்" என்னும் பகுதியில் முதன்மைப் பாத்திரமேற்றார். வடநூலார் கூறும் ஒன்பது சுவைகளுக்கும் ஒவ்வொன்றாக அமைந்த அத்தொகுப்பில், "பாயசம்" அருவருப்புக்குரியது. தி. ஜானகிராமனின் சிறுகதையைத் தழுவியது. சாமநாது என்னும் முதியவர், செல்வமும் செல்வாக்கும் பெற்று வாழும் தம் அண்ணன் மகனைக் கண்டு உள்ளம் புழுங்குகின்றார். அவன் வீட்டுக் கலியாணத்தில், ஊருக்கெல்லாம் படைத்தற்கு வைத்திருந்த பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, அதில் எலி விழுந்து கிடந்ததாகப் பொய் கூறுகின்றார். கைம்பெண்ணான அவருடைய மகள் மட்டும் உண்மையை உணர்ந்து அவரை நோக்குகின்றாள்.

பஞ்சபூதத்தினிடத்து வெளியே பொங்கி வழிந்த அதே பொறாமை, சாமநாதுவினிடத்து உள்ளேயே கிடந்து புளிக்கின்றது. பேச்சு அருகி, கண்ணும் கழுத்துமே நடிக்கின்றன. பெருந்திரையிற் கையை வீசிக் காட்டவேண்டியதைச் சின்னத்திரையில் இமையசைவாற் காட்டினாலே போதும். சற்று மிகினும் பொய்யாகிவிடும். இவ்வளவறிதலே தேர்ந்த நடிகனின் இலக்கணம். இளிவரலுக்கு நிலைக்களமாகத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் முதலாவது மூப்பு என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். மூப்பும் தனிமையும் பொறாமையும் ஒன்றுகூடிய சாமநாதுவை வெறுக்கவும் இயலாது, மன்னிக்கவும் இயலாது நாம் தவிக்கின்றோம். பாலக்காட்டு மணி ஐயர் விருந்தின் தூய்மைக்காகக் கலங்கினார். சாமநாது விருந்தைத் தம் கையாலேயே கெடுத்தார். இருவரும் ஒருவரே என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகின்றது.

மாணவர்க்கு மெய்ப்பாட்டியல் கற்பிக்கும்போது, உள்ளத்து நிகழ்ச்சி உடலின்வழிப் பிறர்க்குப் புலனாதலே மெய்ப்பாடு என வரையறை கூறுகின்றோம். மாணவரும் மனனஞ்செய்து பரீட்சையில் எழுதிவிடுகின்றனர். பஞ்சபூதத்தையும் சாமநாதுவையும் ஒருசேர நோக்கச் செய்தால், ஒரே உணர்ச்சி நகையாகவும் இளிவரலாகவும் பிரியுமாறு அவர்களுக்குத் தெளிவாகும். இலக்கணம் ஏட்டோடு நில்லாது வாழ்க்கையிலும் காணப்படும் பொருள் என்பதும் அப்போது விளங்கும்.

இவருக்குத் தமிழ்நாட்டு அரசு கலைமாமணி விருது வழங்கிச் சிறப்பித்தது. இவர் மறைந்தபோது, பத்தாண்டு பணியாற்றிய விமானப்படையினரும் வந்து மரியாதை செலுத்தினர். ஆயினும், படச் சுவரொட்டிகளில் இவர் முகம் பெரிதாக அச்சிடப்பெற்ற நாட்கள் மிகச் சிலவே.

கல்லூரி நாடகத்துக்குப் பாத்திரங்கள் வகுக்கும் நாளில் ஆசிரியர் அனைவரும் அறிந்த தொல்லை ஒன்றுண்டு. அரசன் வேடத்துக்குப் பத்துக் கைகள் உயரும். காவலன் வேடத்துக்கு ஒரு கையும் உயராது. காவலன் சரியான கணத்தில் நுழைந்து சரியான குரலிற் செய்தி கூறாவிடின், அரசனுடைய நீண்ட வசனம் வீணாகும் என்பதை மாணவர் மட்டுமன்றிச் சில பெற்றோரும் உணர்வதில்லை.

விழா மலரைப் புரட்டும் அன்பர்களுக்கும் இவ்வெண்ணம் பொருந்தும். வைத்தியராயும் பொறியியலாளராயும் நீதிபதிகளாயும் விளங்கும் பழைய மாணவர்களின் படங்கள் இத்தகைய மலர்களை அணிசெய்கின்றன, அது தக்கதே. அதே வகுப்புகளில், துடுப்பாட்ட அணியிற் பன்னிரண்டாமவனாக நின்று தண்ணீர் கொண்டோடியவனும் இருந்தான். நாடகத்துக்குத் திரை இழுத்தவனும் இருந்தான். நோயுற்ற தோழனுக்குப் பாடக்குறிப்பு எழுதிக் கொடுத்தவனும் இருந்தான். படங்கள் இல்லாவிடினும் அவர்கள் பெயரை நாம் மறத்தலாகாது. தண்ணுமையோனைக் கூறிய பின்னரே மாதவியை அரங்கேற்றிய இளங்கோவின் நெறி, கலைக்கு மட்டும் உரியதன்று.