ஜீப்பை வீடாக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள்

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வரும் குடும்பங்கள் வேன் ஓரத்தில் சமைத்து, வேனுக்குள்ளேயே படுத்துறங்கி ஊர் திரும்புவது காரைக்காலில் பழகிய காட்சி. ஓரிரு இரவை அப்படிக் கழிப்பது வேறு. ஜிம்னி, தார், பழைய ஜிப்ஸி போன்ற சிறிய ஜீப்பில் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தி அதையே நிரந்தர வீடாக்கிக்கொள்வது வேறு. அந்த ஆசையோடு பட்டறை வாசலுக்குப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நாட்டில் எங்கும் நடமாடவும் குடியிருக்கவும் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. வண்டிக்குள் உறங்குவதை மோட்டார் வாகனச் சட்டம் குற்றமாக்கவில்லை. அது கண்டிப்புக் காட்டுவது வண்டியின் உடலை மாற்றும்போதுதான். தயாரிப்பாளர் சொன்ன விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிப்படுத்தியது. மீறினால், 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எது மாற்றம்? வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றம் என்று 52ஆவது பிரிவே விளக்குகிறது. கூரையை வெட்டி உயர்த்துவது, பின் இருக்கைகளை நிரந்தரமாகக் கழற்றி ஆள் எண்ணிக்கையைக் குறைப்பது, பாடியை நீட்டுவது எல்லாம் இதில் வரும். மடித்த இருக்கையின்மேல் விரிக்கும் பலகை, மெத்தை, கையோடு எடுத்துவிடக்கூடிய பெட்டிகள் இவற்றால் அடிப்படை அமைப்பு மாறுவதில்லை. வெட்டாமல், பற்றவைக்காமல் முடிகிற வேலையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. எடையையும் கணக்குப் பாருங்கள். ஐந்து கதவு ஜிம்னி ஆட்களோடு சேர்த்துத் தாங்கக்கூடியது ஏறக்குறைய 340 கிலோதான். நூறு லிட்டர் தண்ணீர் என்றாலே அதில் நூறு கிலோ போய்விடும்.

சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்ற வகையை மத்திய அரசு 2004ஆம் ஆண்டு அறிவிக்கையிலேயே ஏற்றிருக்கிறது. மோட்டார் கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தரமும் உண்டு. அந்தத் தரத்தில் சோதிக்கப்பட்ட வண்டியை வாங்குவது நேர்வழி. பட்டறையில் உருமாறிய ஜீப்புக்கு அந்தத் தகுதி தானாக வந்துவிடாது. தவணை பாக்கி இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துச் சம்மதமும் வேண்டும்.

காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வடக்கே நண்டலாறு, தெற்கே வாஞ்சூர். எதைத் தாண்டினாலும் தமிழ்நாடு. காரைக்காலின் பிஒய் 02 எண் வண்டியைத் தமிழ்நாட்டிலேயே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பதிவோ, நீங்கள் குடியிருந்து வண்டியை வழக்கமாக நிறுத்தும் இடத்தை வைத்து நடக்கிறது. வண்டியே வீடென்றால் அந்த முகவரி எது? வரி குறையும் என்று பொய் முகவரி கொடுக்காதீர்கள். பெற்றோர் வீடோ உறவினர் வீடோ, உண்மையில் போய்வரும் ஒரு முகவரியைக் கைவிடாமல் வைத்திருங்கள். வங்கி, காப்பீடு, நீதிமன்ற நோட்டீஸ் எல்லாம் அங்குதான் வரும்.

உயிருக்கு வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு ஆண்கள் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்ததே காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. குழுவின் ஆய்வு காட்டியது. இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படுக்கவே படுக்காதீர்கள். பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். அடுப்பை வண்டிக்கு வெளியே வைத்துப் பற்றவையுங்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையத்தில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. அதோடு ஒப்பிட்டால் ஜீப்பின் உட்புறம் மிகச் சிறியது. மழைக்காலத்தில் கடற்கரையிலோ அரசலாற்று முகத்துவாரத்திலோ நிறுத்தி உறங்குவதும் வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியது நமக்குப் பக்கத்தில்தான்.

வண்டியில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதல் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் விட்டால், விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் நிறுவனத்திடமே புகார் கொடுத்துவிட்டு, சென்னையிலுள்ள காப்பீட்டு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். காரைக்கால் அவர் எல்லைக்குள் வருகிறது, கட்டணம் இல்லை. பட்டறை பணம் வாங்கி மோசம் செய்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போடலாம். பதிவு அதிகாரியின் உத்தரவு தவறென்று பட்டால், 57ஆவது பிரிவின்படி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும், நாளைத் தவறவிடாதீர்கள்.

செய்யப்போகும் வேலையைப் படத்தோடு எழுதி, ஆர்.சி. நகலை இணைத்துப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். எழுத்தில் பதில் வரும்வரை வண்டியில் எதையும் வெட்ட விடாதீர்கள்.