சக்கரம் ஏறி இறங்க எவ்வளவு இடம்?

கரடுமுரடான மலைப்பாதையில் ஒரு வண்டி எங்கே தட்டும் என்பதை நான்கு அளவுகளை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். தரைக்கும் வண்டியின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளி முதல் அளவு. முன் பம்பர் இடிக்காமல் ஏறக்கூடிய கோணம், பின் பம்பர் தேய்க்காமல் இறங்கக்கூடிய கோணம், நடு வயிறு மேட்டில் மாட்டாமல் கடக்கக்கூடிய கோணம் ஆகியவை மற்ற மூன்று. மாருதி சுசூகியின் ஐந்து கதவு ஜிம்னிக்கு இடைவெளி 210 மில்லிமீட்டர், நடுக்கோணம் 24 பாகை. வெளிநாடுகளில் விற்கும் மூன்று கதவு ஜிம்னிக்கு இடைவெளி அதேதான். நடுக்கோணம் மட்டும் 28 பாகை. வீல்பேஸ் 340 மில்லிமீட்டர் நீண்டதில் நான்கு பாகை போய்விட்டது.

இந்த அளவுகளைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் தேடுவது உயரமான ஸ்பிரிங். அது பாடியையும் சேஸியையும் தூக்கும். மூன்று கோணங்களும் கூடும். ஆனால் ஜிம்னிபோல முன்னும் பின்னும் ஒற்றை அச்சு உள்ள வண்டியில், மெக்கானிக்குகள் ‘கிரவுன்’ என்று சொல்லும் டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். பாறையில் முதலில் இடிபடுவது பெரும்பாலும் அதுதான். அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும், அதுவும் கூடிய விட்டத்தில் பாதி அளவுக்குத்தான். ஜிம்னியோடு வரும் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மில்லிமீட்டர். 235/75 ஆர்15 போட்டால் சுமார் 733. நாற்பது மில்லிமீட்டர் பெரிய டயருக்கு அச்சு உயர்வது இருபதுதான். 2020-இல் வந்த மஹிந்திரா தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியாக அசைகின்றன; முன் டிஃபரென்ஷியல் சேஸியோடு சேர்ந்திருப்பதால் ஸ்பிரிங்கை உயர்த்தினால் அதுவும் மேலே போகும். பதிலுக்கு, அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் மூட்டுகள் கூடுதலாக மடங்கும், ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும்.

ஆகவே உயரம் என்பது பெரும்பாலும் டயருக்கு இடம் பண்ணிக் கொடுக்கும் வேலைதான். தேவையான டயர் உரசாமல் உட்காரும் அளவுக்கு உயர்த்தினால் போதும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு அங்குலமும் வண்டியின் எடைமையத்தை மேலே கொண்டுபோய், பக்கச் சரிவில் கவிழும் அபாயத்தைக் கூட்டுகிறது. கோணங்கள் சற்றுக் கூடுவதையும் கடைவாசலில் நிற்கும்போது கம்பீரமாகத் தெரிவதையும் தவிர வேறு லாபம் இல்லை.

டயர் உட்காருமா என்பதைச் சமதரையில் நிற்கும் வண்டியில் பார்த்து முடிவு செய்வதுதான் பலர் செய்யும் தவறு. நிற்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கை தாராளமாக நுழையும். அதே சக்கரம் பாறைமேல் ஏறி, ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, ஸ்டியரிங்கும் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கும்போது என்ன மிஞ்சுகிறது என்பதே கணக்கு. இதைப் பட்டறையிலேயே சோதிக்கலாம். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு ஸ்பிரிங்குகளைக் கழற்றி, அச்சின் ஒரு முனையை மட்டும் ஜாக்கியால் மெதுவாக ஏற்ற வேண்டும். பம்ப் ஸ்டாப் எனப்படும் ரப்பர் கட்டை முட்டும் இடம்தான் சக்கரம் எட்டக்கூடிய உச்சம். அந்த நிலையில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார்த்தால் டயர் எங்கெங்கே உரசும் என்று கண்முன்னே தெரிந்துவிடும். வழக்கமாக உரசும் இடங்கள் மூன்று: மட்கார்டின் பின்பக்கத் தகர மடிப்பு, முன் பம்பரின் கீழ்முனை, உள்பக்கம் அச்சைப் பிடித்திருக்கும் கைகள். பிளாஸ்டிக் லைனரில் லேசாகப் பட்டால் வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம். தகர மடிப்பில் பட்டால் டயரின் பக்கச்சுவர் கிழிந்துபோகும். மடிப்பைத் தட்டிப் படியவைக்க வேண்டும், அல்லது பம்ப் ஸ்டாப்பை நீட்டிச் சக்கரம் அவ்வளவு தூரம் ஏறாமல் தடுக்க வேண்டும்.

உள்பக்க உரசலுக்கு வீலை வெளியே தள்ளுவது பழக்கமான வழி. ஆஃப்செட் குறைந்த ரிம்மோ ஸ்பேசரோ போட்டால் டயர் உள்கைகளை விட்டு விலகும். ஆனால் வெளியே போன டயர், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்னைவிடப் பெரிய வட்டம் போடும். உள்ளே தீர்ந்த உரசல் பம்பர் முனையில் வந்து நிற்கும். பேரிங்குக்குச் சுமையும் கூடும், சக்கரம் கல்லில் ஏறும்போது ஸ்டியரிங் கையைப் பிடித்து வெட்டும். அகலத்தைக் கூட்டாமல் உயரத்தை மட்டும் கூட்டும் ஒல்லியான டயர் பல நேரங்களில் இந்தத் தொல்லையே இல்லாமல் அதே பலனைத் தருகிறது.

ஸ்பிரிங்கை உயரம் பார்த்து வாங்குவதைவிட எடை பார்த்து வாங்குவது முக்கியம். இரும்பு பம்பர், வின்ச், மேல் கேரியர் எல்லாம் நிரந்தரமாக ஏறிய வண்டிக்குக் கனத்த ஸ்பிரிங் வேண்டும். வெறும் வண்டியில் அதைப் போட்டால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும், உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு வாங்கிக் கட்டிக்கொள்ளும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய மஹிந்திரா ஜீப்புகளில் இதை நேரில் பார்க்கலாம். அவற்றின் பட்டை ஸ்பிரிங்குகள் சுமைக்காகச் செய்யப்பட்டவை. ஆள் நிரம்பினால் அடங்கி ஓடும் ஜீப், காலியாக இறங்கும்போது துள்ளும்.

ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது. அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கை நீட்டிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், சக்கரம் கீழே தொங்கும்போது ஷாக்தான் முதலில் இழுபட்டு நிற்கும். சீக்கிரம் எண்ணெய் கசியும். மேலே ஏறும்போதும் ஷாக்கின் உள்முனை முட்டுவதற்கு முன் பம்ப் ஸ்டாப் முட்டியாக வேண்டும். இந்த இரண்டு நீளங்களையும் அளந்து பார்க்காமல் ஷாக் வாங்குவது வீண். அமுங்கும்போதும் விரியும்போதும் ஷாக் காட்டும் எதிர்ப்பும் புது ஸ்பிரிங்குக்குப் பொருந்த வேண்டும். விரிவில் எதிர்ப்பு குறைந்தால் வண்டி ஊஞ்சலாடும். அதிகமானால், அடுத்தடுத்து வரும் மேடுகளில் சக்கரம் இறங்க நேரமில்லாமல் வண்டி படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பிலேயே இடிக்கத் தொடங்கும்.

அச்சின் ஒரு முனை ஏற, மறுமுனை இறங்க, நான்கு டயரும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பதே நல்ல சஸ்பென்ஷனின் அடையாளம். இதை அளக்க 20 பாகைச் சாய்தளம் ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் அதில் ஏற்றி, வேறொரு சக்கரம் தரையை விடும்வரை போன தூரத்தை வீல்பேஸால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குவார்கள். வளைவுகளில் வண்டி சாயாமல் பிடிக்கும் ஸ்வே பார் இந்த அசைவைத் தடுக்கிறது. அதன் இணைப்பைப் பாதை தொடங்கும் இடத்தில் கழற்றி, தார்ச்சாலைக்குத் திரும்பும்போது மாட்டிக்கொள்வதற்கென்றே விரைவாகக் கழலும் பின்கள் கிடைக்கின்றன.

ஒற்றை அச்சு வண்டியை உயர்த்தினால் வேறு சிலவும் இடம் மாறும். ஸ்டியரிங்கைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது கேஸ்டர் என்னும் பின்சாய்வு. ஜிம்னியை 50 மில்லிமீட்டர் தூக்கினால் முன் அச்சு சற்றே உருண்டு அந்தச் சாய்வு குறையும். நெடுஞ்சாலையில் வண்டி அலையும். மையம் விலகிய புஷ்களைப் போட்டு இதைச் சரிசெய்கிறார்கள். அச்சைக் குறுக்காகப் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராட் அச்சையே ஒரு பக்கமாக இழுக்கும்; நீளம் மாற்றக்கூடிய ராட் அதற்குத் தீர்வு. பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது எட்டுகின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும்.

செலவே இல்லாத மாற்றம் காற்று. சாலையில் முப்பது பவுண்டு அளவில் ஓடும் டயரை, கல்பாதையில் இருபதுக்குப் பக்கமாக இறக்கினாலே அது கல்லைச் சுற்றிப் படிந்து பிடிக்கும், குலுக்கலும் பாதியாகத் தெரியும். மணலில் இன்னும் குறைக்கலாம். மிகவும் குறைத்தால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்றை ஏற்றிவிட வேண்டும்; காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடாகி வெடிக்கும்.

பெரிய டயர் ஸ்பீடோமீட்டரையும் ஏமாற்றும். மேலே சொன்ன 235 டயரில் முள் 80 காட்டும்போது உண்மை வேகம் 85-ஐ ஒட்டியிருக்கும். கியர்களும் அதே விகிதத்தில் இழுவை இழக்கும். இந்தியாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை முடிந்தபின் புஷ் போல்ட்டுகளை இறுக்குவதிலும் ஒரு முறை உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுக்க முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சில மாதங்களில் கிழியும். சக்கரங்கள் தரையில் நின்று, வண்டியின் எடை முழுவதும் இறங்கியபிறகே கடைசி முறுக்கு. முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை பார்த்து, வீல் அலைன்மென்ட்டும் செய்துவிட வேண்டும். புது ஸ்பிரிங் அதற்குள் சற்றுப் படிந்திருக்கும்.