மீன்தொட்டிக்கு ஒரு மேடையும் சுவரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மீன் பிடித்து வாழும் ஊரில் மீனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டு வேடிக்கை பார்ப்பார்களா என்று நண்பர்கள் சிலர் என்னைக் கேட்டார்கள். கேள்வி நியாயமானதே. தாமிரபரணி மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்திலுள்ள புன்னக்காயல் எங்கள் ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சென்ற கோடை விடுமுறையில் என் தாய்மாமன் வீட்டில் ஆறடி நீள மீன்தொட்டி ஒன்றுக்கு மேடையும், அதை மறைத்து ஒரு மரச்சட்டச் சுவரும் அமைத்தோம். அவ்வேலையில் நான் கற்றதையும், கணக்கில் கோட்டை விட்டதையும் இம்மலரின் வாயிலாக நண்பர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் கூற விழைகிறேன்.

மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில், சுவருக்குள் படம் மாட்டியதுபோல் பதித்திருந்த மீன்தொட்டியைப் பார்த்து வந்த நாள்முதல் அவருக்கு அதே நினைவு. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், 12 மில்லிமீட்டர் கண்ணாடி என்று சொல்லித் தொட்டியைச் செய்து வாங்கியும் விட்டார். வைப்பது மாடி ஹாலில் என்பது அவர் முடிவு. "நீ சயின்ஸ் படிக்கியலா, கணக்குப் பாத்துச் சொல்லு மருமவனே" என்றார். என்னை நம்பி வீட்டில் ஒருவர் கேட்ட முதல் கணக்கு அதுதான்.

கணக்கு எளிதானது. நீர் 22 அங்குல உயரம் நிற்கும் என்று கொண்டால் நீரின் பருமன் 22 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் 623 லிட்டர். நன்னீர் லிட்டருக்கு ஒரு கிலோ. ஆக நீர் மட்டுமே 623 கிலோ. கண்ணாடியின் எடை ஏறக்குறைய 120 கிலோ. அடியில் பரப்பும் மணலும் கூழாங்கல்லும் 50 கிலோ. மொத்தம் சுமார் 800 கிலோ! எங்கள் ஊர் வழக்கில் சொன்னால், 35 லிட்டர் கேன்களில் தண்ணீர் மட்டும் 18 கேன்.

இந்த எடை 12 சதுர அடி இடத்தில் நிற்கிறது. மீட்டர்க் கணக்கில் சதுர மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல். குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கொள்ளும் பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோதான். மாடி வேண்டாம் என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்னைக்கு அம்பது பேரு மாடியிலதானல உக்காந்து சாப்பிட்டாவ? அப்ப தாங்கலியா?" என்றார்.

ஐம்பது பேர் தளம் முழுவதும் பரவி அமர்ந்தார்கள். சாயங்காலம் எழுந்து போய்விட்டார்கள். தொட்டி ஒரே இடத்தில் இரவு பகலாக, ஆண்டுக் கணக்கில் நிற்கும். உத்தரத்துக்கு மேலே, சுவரை ஒட்டி வைத்தால் ஒருவேளை தாங்கலாம். ஆனால் கான்கிரீட்டுக்குள் எத்தனை கம்பி, எப்படிப் போட்டது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. உப்புக்காற்று கம்பியை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதும் தெரியாது. கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தால் மட்டுமே மாடி என்று சாதித்தேன். இரண்டு நாள் பேசாமலிருந்த மாமா, மூன்றாம் நாள் கீழ் ஹாலின் மூலையைக் காட்டினார். அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் ஆச்சியின் கட்டில் கிடந்தது.

பழைய தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு ஆங்கிள் சட்டத்துக்குள் கண்ணாடியை மக்கு வைத்து ஒட்டியிருக்கும். வளைவு நெளிவுகளை அந்தச் சட்டம் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். சிலிக்கோன் பசை வந்தபின் கண்ணாடியோடு கண்ணாடியை நேரே ஒட்டுகிறார்கள். பார்வைக்கு அழகு, ஆனால் அடிப்பலகை ஓரிடத்தில் தாழ்ந்தாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், பசை பிரியும், அல்லது கண்ணாடியே விரியும். ஆகவே மேடையின் மேற்பரப்பு ஒரே மட்டமாக இருப்பதோடு, நீர் நிரம்பிய பின்னும் அப்படியே இருக்க வேண்டும்.

மேடையைச் செய்தவர் எங்கள் தெருவிலுள்ள ஓடாவி அண்ணாச்சி. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: மரப்படகு கட்டும் தச்சரை எங்கள் கடற்கரையில் ஓடாவி என்போம். ஃபைபர் படகுகள் பெருகியபின் அவருக்கு வேலை குறைவு. இரும்பு மேடை எங்கள் ஊர்க் காற்றுக்கு ஆகாது என்பதில் அவரும் நானும் ஒன்றுபட்டோம். நாலுக்கு மூன்று அங்குல அயினிச் சட்டங்கள் வாங்கினோம். உயரம் இரண்டரை அடி. நாற்காலியில் அமர்ந்தால் தொட்டியின் நடுப்பகுதி கண்ணுக்கு நேரே வரும்.

குறுக்குச் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து போல்ட்டு போட்டுவிடலாம் என்று நான் படம் வரைந்திருந்தேன். அண்ணாச்சி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "பாரத்த ஆணி மேல வைக்காத தம்பி, மரத்து மேல வை" என்றார். போல்ட்டில் தொங்கவிட்டால் முழு எடையும் அந்தச் சிறு துளையைச் சுற்றியுள்ள மரத்தைப் பிளக்கப் பார்க்கும். காலின் தலைமேல் சட்டம் உட்கார்ந்தால், எடை மரத்தின் நார் ஓடும் திசையிலேயே நேராக இறங்கிவிடும். மரம் மிக வலுவாகத் தாங்குவது அந்தத் திசையில்தான். போல்ட்டு நகராமல் பிடித்திருந்தால் போதும். பக்கவாட்டில் ஆடாதிருக்க மேடையின் பின்புறம் முழுவதும் மெரைன் பிளைவுட் பலகையை அறைந்தோம்.

இனி என் பிழைக்கு வருகிறேன். மேடைக்குக் கால்கள் ஆறு: நான்கு மூலைகள், நடுவில் முன்னொன்று பின்னொன்று. 800 கிலோவை ஆறால் வகுத்தேன். காலுக்கு 133 கிலோ. அண்ணாச்சி நடுக்கால்களுக்கு மட்டும் தடித்த மரம் எடுத்தபோது, வீண் செலவு என்றுகூடச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நடுவுலதாம்ல கனம்" என்றார்.

கல்லூரி திறந்தபின் எங்கள் பேராசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார். சீராகப் பரவிய சுமையைத் தாங்கும் ஒரே நீளச் சட்டத்துக்கு இரு முனைகளிலும் நடுவிலும் தாங்கல் இருந்தால், நடுத்தாங்கல் எட்டில் ஐந்து பங்கை ஏற்கிறது. முனைகளுக்குப் பதினாறில் மூன்று பங்குதான். ஆகவே எங்கள் மேடையில் நடுக்கால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 250 கிலோ, மூலைக்கால்களுக்கு 75 கிலோ!

இதை நான் முன்னமே அறிந்திருந்தால் நடுக்கால்களுக்கு அடியில் தரை எப்படி இருக்கிறது என்று பார்த்திருப்பேன். பார்க்கவில்லை. டியூப் லெவல் பிடித்து மேடையை மட்டம் பார்த்தோம். அரை அங்குலத் தெர்மோகோல் விரித்துத் தொட்டியை ஏற்றினோம். தண்ணீருக்கு ஆச்சி முதலிலேயே தடை போட்டிருந்தார்கள். "குடிக்கிற தண்ணிக்குக் குடம் தூக்குறோம், மீனுக்கு இம்புட்டுத் தண்ணியா?" என்றார்கள். அதற்கு எவரிடமும் பதிலில்லை. எனவே ஆற்று முகத்துவாரத்து உவர்நீரை எடுத்து, துணியில் வடிகட்டித் தெளியவைத்து ஊற்றுவது, அதில் வாழும் கரிமீனையே விடுவது என்று முடிவாயிற்று. (மாமாவுக்குக் கடல்குதிரையும் பவளமும் ஆசை. அவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2001 முதல் பாதுகாக்கப்பட்டவை. அதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் என் அப்பா.)

பத்தாவது கேன் ஊற்றும்போது 'சடக்' என்று ஒரு சத்தம். கண்ணாடிதான் போயிற்று என்று எல்லாரும் விலகினோம். கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. பின்பக்க நடுக்காலின் கீழே தரை ஓடு விரிந்திருந்தது. அண்ணாச்சி பழைய காலண்டர் அட்டையைக் கிழித்துத் தெர்மோகோலுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகினார். மூலைகளில் நுழையவில்லை, நடுவில் தடையின்றி நுழைந்தது. கால் இறங்கிவிட்டது, ஆறடிக் கண்ணாடி பின்புறத்தில் இரு முனைகளை மட்டும் நம்பி நிற்கிறது என்று அதற்குப் பொருள். உடனே ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீரை வெளியேற்றினோம். ஆச்சியின் கட்டிலை அன்றே உள்ளறைக்கு மாற்றினார்கள். மீதிக் கேன்களையும் ஊற்றி, இரவில் அது உடைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நினைக்க எனக்கு இன்றும் கை நடுங்குகிறது. 2022 டிசம்பர் 16 அன்று பெர்லின் நகர விடுதி ஒன்றிலிருந்த 10 லட்சம் லிட்டர் மீன்தொட்டி விடியுமுன் வெடித்தது. தெருவரை ஓடிய நீரைப் படங்களில் பார்த்திருக்கிறேன். எங்களுடையது சிறியதுதான்; ஆனால் பக்கத்தில் படுத்திருப்பவர் ஆச்சி.

"படிப்பு காலு வரைக்கும் வந்துச்சி, தரை வரைக்கும் வரலியே மருமவனே" என்றார் மாமா. பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். ஓடுகளைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே நிரப்பிய மணல் இறங்கி வெற்றிடமாகக் கிடந்தது. மணலை நீர்விட்டு இறுக்கி, நான்கு அங்குலக் கான்கிரீட் போட்டு, பத்து நாள் ஈரம் காயாமல் காத்தோம். கால்களுக்கு அடியிலும் நீளச் சட்டம் ஓடவிட்டு, எடை ஒரே புள்ளியில் குத்தாதபடி செய்தோம்.

சுவர் வேலை அவ்வளவு கடினமில்லை. மூன்றுக்கு இரண்டு அங்குலச் சட்டங்களை இரண்டடிக்கு ஒன்றாக நிறுத்தி, தரையிலும் கூரையிலும் பக்கச் சுவரிலும் பிணைத்து, முன்னால் பிளைவுட் அறைந்தோம். தண்ணீர் தள்ளுவதால் கண்ணாடிக்கு இந்தச் சுவர் முட்டுக்கொடுக்க வேண்டும் என்பது மாமாவின் எண்ணம். நீர் முன்கண்ணாடியைத் தள்ளும் விசை ஏறக்குறைய 286 கிலோ எடைக்குச் சமம் என்பது உண்மையே. ஆனால் பின்கண்ணாடியையும் அதே அளவு எதிர்த்திசையில் தள்ளுகிறது; தொட்டி தனக்குள்ளேயே அதைச் சமன்செய்துகொள்கிறது. சுவர் தொட்டியைத் தொடவே கூடாது. நிரம்பும்போது மேடை மயிரிழை அமுங்கும், சுவர் அமுங்காது. இரண்டையும் பிணைத்தால் தொட்டி சுவரில் தொங்கும். எனவே சுற்றிலும் அரை அங்குல இடைவெளி விட்டு, அதை மறைக்கும் பீடிங்கைச் சுவரில் மட்டும் அறைந்தோம். மேலே ஒன்றரை அடிக்குக் கதவு வைத்தோம். வலையோடு கை நுழைய அது வேண்டும். ஆவி வெளியேறத் துளைகள் விட்டோம். வயர்கள் தொட்டியிலிருந்து கீழே தொங்கி, பிறகு மேலேறிப் பிளக்கை அடைகின்றன; வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இரண்டாம் முறை ஒரே நாளில் நிரப்பவில்லை. நாளொன்றுக்கு ஆறு கேன் வீதம் மூன்று நாள். ஒவ்வொரு கேனுக்கும் அட்டையைச் செருகிப் பார்த்தோம். ஒரு வாரம் நீரை வெறுமனே நிற்கவிட்டு, அப்பா கொண்டுவந்த எட்டுக் கரிமீன்களை விட்டோம். ஆச்சி கட்டிலைப் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கம் வந்தால் மீனைப் பார்ப்பதற்கு முன், சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நடுக்காலுக்கு மேலே ஒருமுறை செருகிப் பார்ப்பார். இதுவரை நுழையவில்லை.