எரு மலையேற, ஜீப்புக்கு நாலு கியர்

ஏலத் தோட்டத்தை இயற்கைக்கு மாத்தணும்னு போடிப் பக்கம் யாரிடம் பேசினாலும், கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். "எருவை மேல எப்படிங்க ஏத்துறது?"

நியாயமான கேள்விதான். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். மக்கிய தொழு உரத்தில் சுமார் அரை சதவீதம். தழைச்சத்தை மட்டும் கணக்குப் போட்டால், 45 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஈடாக 4 டன் எரு வேண்டும். எரு மண்ணுக்குத் தருகிற உயிரை அந்த மூட்டை தராது. ஆனாலும் எருவைப் போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி ஏற்றியாகணுமே! அதனால் வண்டியும் நமக்கு ஓர் இடுபொருள்தான்.

எங்களிடம் இருப்பது பழைய ஜீப். அதோடு வந்தது மூணு கியர் பெட்டி. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஏற்றத்தில் வண்டி திணறும்போது முதல் கியர் போடணும்னா நிறுத்தணும், இல்லாட்டி ரெண்டு தடவை கிளட்ச் மிதிக்கணும். சுமையோடு கொண்டை ஊசி வளைவில் அது ஆபத்து. அதனால் நாலு கியர் பெட்டிக்கு மாறினோம்.

மாற்ற நினைப்பவர்கள் பெட்டி வாங்கும் முன்பே மூன்றைப் பாருங்கள். கிளட்ச் தட்டின் பல் புதுப் பெட்டியின் ஷாஃப்டுக்குப் பொருந்தணும். பெல் ஹவுசிங் இன்ஜினோடு சேரணும். பெட்டி நீளமானால் பின் புரொப்பல்லர் ஷாஃப்டைக் குறைத்து, முன் ஷாஃப்டை நீட்டி, பேலன்ஸ் பார்க்கணும்.

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிகளில் ஆட்டோமேட்டிக் கியரையே கழற்றிவிட்டு, கையால் போடும் கியர் மாட்டுகிறார்கள். அதற்கு டார்க் கன்வெர்ட்டரை எடுத்து, பிளைவீல், கிளட்ச், மூணாவது பெடல் எல்லாம் புதிதாக வைக்கணும். நமக்கு அவ்வளவு வேலையில்லை.

கியரின் அருமை இறக்கத்தில்தான் தெரியும். ஏறின கியரிலேயே இறங்குங்க. இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நியூட்ரலில் விடவே கூடாது.

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொன்று. நிழல் மரச் சருகையும் கவாத்துக் கழிவையும் தோட்டத்திலேயே மக்க வையுங்கள். அங்கே செய்கிற ஒவ்வொரு கூடை எருவும் ஜீப்பில் ஏற்ற வேண்டாத எரு.