தாய்மைக்குத் துணை

தாய்மை எங்கும் ஒன்றே. ஆயின் தாயின் வாழ்வு எங்கும் ஒன்றன்று. நாட்டின் சட்டமும் மக்களின் வழக்கமும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. திருப்பூர் மாவட்டத்து அவிநாசிப் பகுதியில் இவ்வுண்மையைத் தெளிவாகக் காணலாம்.

அவிநாசியைச் சூழ்ந்த ஊர்களில் பின்னலாடைத் தொழில் பரவியுள்ளது. தைத்தல், பிசிர் வெட்டுதல், மடித்துக் கட்டுதல் முதலிய பணிகளில் பெண்கள் பெருந்தொகையாக ஈடுபட்டுள்ளனர். முதற் பிள்ளைப்பேற்றுக்கு மகளைத் தாய்வீட்டிற்கு அழைத்துச் செல்லுதல் தமிழர் வழக்கம். அங்கே அன்னையின் பரிவும் ஓய்வும் அவளுக்குக் கிட்டும். ஆனால், தைத்த உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பெண்ணுக்கு வேலை நின்ற அன்றே வருவாயும் நின்றுவிடும். தாய்வீடு ஓய்வு தரலாம். இழந்த கூலியைத் தர இயலுமா? ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவளுக்கோ தாய்வீடே நெடுந்தொலைவில் உள்ளது.

இக்குறையைப் போக்கவே சட்டம் எழுந்தது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் ஊதியத்துடன் 12 வார விடுப்பு அளித்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு அதனை 26 வாரமாக உயர்த்தியது. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தொழிலகங்களில் குழந்தைகள் காப்பகம் அமைக்கவும் ஆணையிட்டது. 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இவை இடம்பெற்றுள்ளன. எனினும், பேற்றுக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாளேனும் பணிசெய்தவர்க்கே இவ்வூதியம் உரியது. பதிவேட்டில் பெயரில்லாதவள் அதனை எங்ஙனம் மெய்ப்பிப்பாள்? வறிய மகளிர்க்கெனத் தமிழ்நாட்டு அரசு 1987 முதல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு நிதியுதவி வழங்கி வருகின்றது.

சட்டம் மட்டும் இருந்தால் போதுமா? பிற நாடுகளின் பட்டறிவு இதற்கு விடை கூறும். ஜப்பானிலும் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் உண்டு. அந்நாட்டுச் சட்டம் தந்தைக்கும் நீண்ட விடுப்பு அளிக்கின்றது. ஆயினும், ஆடவன் பணியை விட்டு வீட்டிலிருத்தல் தகாது என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தமையால், 2019இல் தந்தையரான பணியாளருள் நூற்றுக்கு எண்மர்கூட அதனை எடுக்கவில்லை. சுவீடன் 1974இல் தாய்க்குரிய விடுப்பைப் பெற்றோர் இருவர்க்கும் பொதுவாக்கியது. அங்கும் முதலில் தந்தையர் முன்வரவில்லை. 1995இல் ஒரு மாதம் அவர்க்கென்றே ஒதுக்கப்பட்டது. அவர் எடுக்காவிடின் அது தாய்க்குச் சேராது. அதன்பின் குழந்தையைப் பேணும் தந்தையர் பெருகினர். சட்டம் அங்கே வழக்கத்தையே மாற்றியது.

ஆகவே, தாய்மைக்கு வழக்கமும் சட்டமும் ஒருங்கே துணை நிற்றல் வேண்டும். உழைத்த நாள்களைத் தவறாது பதிவேட்டில் பதிதல் தொழில் நடத்துவோர் கடமை. அதனைக் கேட்டறிதல் தொழிலாளப் பெண்ணின் உரிமை. தொட்டிலை ஆட்டும் பணியில் பங்கேற்றல் வீட்டு ஆடவரின் பொறுப்பு. இம்மூன்றும் கூடிய இடத்தில் தாயும் நலமுறுவாள், சேயும் நலமுறும்.